குழந்தைகள் இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு அண்ணனாக, அக்காவாக இருக்க: செய்முறை

பிறந்தநாளுக்குப் பிரியாணியோடு போய், பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கான குறிப்பு அல்ல இது. ஒரே பிள்ளை, மாதம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம், குறைந்தது ஒரு வருடம். மொத்தம் 24 சந்திப்பு. அவ்வளவு நாள் ஒதுக்க முடியாதென்றால் இல்லத்துக்குப் பணமாகக் கொடுத்துவிடுங்கள், அதுவும் உதவிதான்.

ஒரு வருடம் என்பது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. அமெரிக்காவில் 1904-இல் தொடங்கி இதே வேலையைச் செய்துவரும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் பிள்ளைகளை வைத்து கிராஸ்மேன், ரோட்ஸ் என்ற இருவர் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உறவு ஓராண்டைத் தாண்டிய பிள்ளைகளிடம்தான் முன்னேற்றம் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில் பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே முன்பைவிடக் குறைந்திருந்தது. அதாவது, சீக்கிரமே விட்டுவிடுகிறவர் போகாமலே இருந்திருக்கலாம்.

அனுமதி

இல்லம் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று முதலில் கேளுங்கள். சான்றிதழைக் காட்டத் தயங்கும் இடம் வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் விசாரித்துக்கொள்ளலாம். ஆதார் நகல், காவல்துறை நன்னடத்தைச் சான்று, உங்களைத் தெரிந்த இருவரின் பெயர் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். எதுவுமே கேட்காமல் "வாங்க சார், எப்ப வேணா வாங்க" என்கிற இல்லத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். உங்களை விட்டதுபோல்தான் மற்றவர்களையும் விடுவார்கள்.

பையில் என்ன

கோடு போடாத நோட்டு, 12 கலர் பென்சில், மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், பசை, பழைய செய்தித்தாள், ஒரு தாயக்கட்டை. இவ்வளவு போதும். கேரம்போர்டு பெரும்பாலான இல்லங்களில் இருக்கும், காயும் பவுடரும்தான் இருக்காது. செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பிள்ளை கைக்கு ஒருமுறை போனால் அடுத்த 23 சந்திப்பிலும் உங்களைத் தேடாது, போனைத்தான் தேடும்.

இன்னொன்று: அந்த வருடத்தின் மாதக் காலண்டர். வரப்போகும் தேதிகளைப் பிள்ளையே வட்டமிட்டு, அதன் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளட்டும். தேதி தவறினால் முதல் நாளே கண்காணிப்பாளருக்குச் சொல்லி, பிள்ளையிடம் நீங்களே பேசுங்கள். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று இழுக்காமல், எந்தக் கிழமை என்று சொல்லுங்கள்.

முதல் இரண்டு சந்திப்பு

எதிரெதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் வாய் தானாக வரும். "அப்பா என்ன பண்றார்?" என்று தொடங்கவே கூடாது. இல்லத்தில் இருப்பவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள், அதுதான் சொல்லமுடியாத சங்கதியே. மார்க்கும் கேட்க வேண்டாம், அதைக் கேட்க அங்கே நிறைய பேர் உண்டு.

இடம் வராந்தா, அல்லது வார்டன் பார்வையில் படும் மரத்தடி. மூடிய அறை வேண்டாம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்: மூன்றாவது சந்திப்பு

நீங்கள் போய் நிற்பீர்கள். பிள்ளை வராது. "தலை வலிக்குதாம்", "துணி துவைக்கிறான்" என்று பதில் வரும். ஜன்னல் வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மறையும். ஆர்வலர்களில் பலர் "அவனுக்குப் பிடிக்கலை போல" என்று இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

பிடிக்காமல் இல்லை. வந்து, சிரித்து, மறுபடி வராமல் போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்த பிள்ளை அது. நீங்களும் அந்த ரகமா என்று சோதிக்கிறது.

செய்ய வேண்டியது: ஆள்விட்டு இழுத்துவரச் சொல்லாதீர்கள். வழக்கமான இடத்தில், கண்ணில் படும்படி உட்காருங்கள். செய்தித்தாளில் காகிதக் கப்பல் மடியுங்கள், ஒன்றைப் பாதியில் நிறுத்திப் பக்கத்தில் வையுங்கள். முழு ஒன்றரை மணி நேரமும் இருங்கள். கிளம்பும்போது, "இன்னிக்கு வந்திருந்தேன். அடுத்த ரெண்டாவது ஞாயிறு பத்து மணிக்கு வர்றேன்" என்று ஆள்மூலம் சொல்லி அனுப்புங்கள். முகத்தில் வருத்தம் காட்ட வேண்டாம், சாக்லெட் லஞ்சமும் வேண்டாம். இரண்டு மூன்று முறைகூட இப்படிப் போகலாம். பிறகு ஒருநாள் பக்கத்தில் வந்து, "கப்பல் இப்படி மடிக்கக்கூடாதுண்ணா" என்று பிடுங்கிக்கொள்ளும். அதைத் தழுவிக் கொண்டாடாமல் அடுத்த தாளை நீட்டுங்கள்.

தின்பண்டம், பரிசு, படம்

ஒரு பிள்ளைக்கு மட்டும் வாங்கிப் போனால் நீங்கள் கிளம்பியதும் உள்ளே சண்டை. வாங்கினால் எல்லோருக்கும், சமையலறை வழியாக. கடைசிப் பத்து நிமிடத்தைச் சுற்றி நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேரம் ஆட்டமாக்கிவிட்டால் பொறாமை பாதி அடங்கும். பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் போடவே வேண்டாம். அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"

பண்ணாதீர்கள். "சிலதை நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுறேன்" என்பதே பதில். அதன் பிறகும் சொன்னால் குறுக்கே துருவாமல் கேளுங்கள். வெளியே வந்ததும் பிள்ளையின் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-இலும் சொல்லலாம். புகார் இல்லத்து ஆள்மேல் என்றால் கண்காணிப்பாளரிடம் போகாதீர்கள், நேராக வெளியே போங்கள்.

பிறகு சேர்த்தது

போன முறை இருந்த பிள்ளை இந்த முறை இல்லையே என்று பலரும் கேட்டுவிட்டார்கள். பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டால் பிள்ளை வீட்டுக்கோ வேறு இல்லத்துக்கோ ஒரே நாளில் போய்விடலாம். உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போக நேரம் இருக்காது. அதனால் கடைசி நாளுக்கென்று எதையும் சேர்த்துவைக்காதீர்கள். வரைந்தது, மடித்தது எல்லாம் பிள்ளையின் பெட்டியிலேயே இருக்கட்டும். ஏதாவது அமைப்பு மூலம் போகிறவர் என்றால், பிள்ளை எங்கே போனாலும் எழுதிப்போட, நான்காம் மாதத்தில் கண்காணிப்பாளரைக் கேட்டு, அந்த அமைப்பின் முகவரி எழுதிய 50 பைசாத் தபால் அட்டைகள் இரண்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகிவிடுங்கள். உங்கள் வீட்டு முகவரி வேண்டாம்.