படகு ஜிபிஎஸ்ஸில் தேதியையும் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இன்ஜின், பலகை, வலை என்று எல்லாவற்றையும் மராமத்து பார்க்கும் சம்மாட்டிமார், அதாவது படகு முதலாளிகள், இடம் காட்டும் ஜிபிஎஸ் பெட்டியைத் துடைத்து வைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். பாம்பனில் படகுகளுக்கு வயரிங் பார்ப்பவன் கேட்கிறேன்: அதற்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.

பெட்டி தேதியைக் கணக்கிடுவது செயற்கைக்கோள் அனுப்பும் வார எண்ணை வைத்து. பழைய வகை சிக்னலில் அந்த எண் 0 முதல் 1023 வரைதான்; அது தாண்டினால் பெட்டி பழைய தேதிக்குப் போய்விடலாம். 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய கணக்கு 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பர் 21, விடியற்காலை 5.30 வாக்கில். அதுவரை கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். சில பெட்டிகள் தங்கள் மென்பொருள் எழுதிய காலத்திலிருந்து 1024 வாரம் எண்ணும். அவை நடுவில் எந்த வருஷமும் தடுமாறலாம்.

முதல் வேலை, பாயிண்டுகளை, அதாவது பெட்டியில் பதிந்து வைத்த இடங்களின் எண்களை, நோட்டில் எழுதுவது. பார் (கடலடிப் பாறை), மூழ்கிய பழைய கப்பலின் சிதைவு, வலை கிழியும் இடம், துறைமுக வாய், எல்லாமே. ரீசெட் செய்தால் பெட்டியிலிருப்பது அழிந்துவிடும். அப்பா காலத்துப் பாயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்காது. பேனாவால் இரண்டு நோட்டு எழுதுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பிறகு திறந்த வானத்தின் கீழ் பெட்டியைப் போட்டு, சிக்னல் முழுதாகப் பிடிக்கும்வரை விடுங்கள். தேதி சுமார் 19 வருஷம் 7 மாதம் பின்னால் காட்டினால் வியாதி இதுதான். இடம் சரியாகவே காட்டலாம். ஆனாலும் போனோடு ஒத்துப் பாருங்கள். போன் 9.28 என்று காட்டினால் புள்ளிக்குப் பின்னுள்ளதை 60-ஆல் பெருக்குங்கள்: 9 டிகிரி 16.8 நிமிடம். படகுப் பெட்டி பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். 1974-லும் 1976-லும் இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. ராத்திரியில் டிரைவர் நம்புவது இந்த எண்ணைத்தான். எண் ஒத்துவராத பெட்டியோடு கடலுக்கு விடவே கூடாது. மாடல் பெயரையும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் குறித்து, விற்றவரிடம் புதுப் பதிப்பு கேளுங்கள். இல்லை என்றால் பெட்டியை மாற்றுங்கள்.

ஐஸ் கம்பெனி, ஏலக்கடை கம்ப்யூட்டருக்கு வேறொரு நாள் உண்டு. நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய மென்பொருள்கள் 2038 ஜனவரி 19 காலை 8.44.07-ஐத் தாண்டியதும் 1901 டிசம்பருக்குப் போய்விடும். பில் போடும் மெஷினில் தேதியை மாற்றிச் சோதிக்காதீர்கள். கணக்கைப் பென் டிரைவில் நகலெடுத்து, வேறு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு 2038-க்குத் தள்ளுங்கள். ஒரு பில் போட்டு, பாக்கிப் பட்டியல் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்.