கரு கலைந்த பிறகு மீண்டும் முயல்வது: எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

அடுத்த முயற்சியை எப்போது தொடங்கலாம் என்று கேட்டால் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். காலண்டரைப் புரட்டுமுன் கர்ப்பப் பரிசோதனை அட்டையை எடுங்கள். கலைந்து மூன்று வாரம் கழித்து வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்யுங்கள். ஒற்றைக் கோடு மட்டும் வந்தால், போன கர்ப்பத்தில் சுரந்த எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் வடிந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டாவது கோடு இன்னும் தெரிந்தால், அது மங்கலாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். கருவின் மிச்சம் உள்ளே தங்கியிருக்கலாம்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன்? முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் ஸ்ட்ரிப் தேடுவது, முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனை. எச்சிஜியும் எல்எச்சும் அமைப்பில் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. பழைய எச்சிஜி மிச்சமிருந்தால் முட்டையே வராத நாளிலும் ஸ்ட்ரிப்பில் கோடு அடர்ந்து நிற்கும். அதை நம்பி நாள் குறித்துவிட்டு, பலிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் பலர். பிழை உங்களுடையது அல்ல.

மாதவிலக்கு பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் திரும்பும். முட்டை அதற்கு முன்பே, இரண்டு வாரத்திலேயே வரக்கூடும். சிக்கலில்லாமல் ஆரம்பத்திலேயே கலைந்திருந்தால் ஒரு மாதவிலக்கு வரட்டும் என்பது கர்ப்ப நாளைச் சரியாகக் கணக்கிடத்தான். அதற்குள் கரு தங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். சிலர் மட்டும் கட்டாயம் பொறுக்க வேண்டும். குழாய்க் கர்ப்பத்துக்கு (கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்குவது) மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டவர்கள் குறைந்தது 3 மாதம்; முத்துப்பிள்ளை கர்ப்பம் (நஞ்சுத் திசு கொத்துக் கொத்தாக அசாதாரணமாக வளர்வது) என்றால் எச்சிஜி கண்காணிப்பு முடிந்து மருத்துவர் சொல்லும்வரை. டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தபின் 8 வாரமாகியும் விலக்கு வரவில்லை, அல்லது வழக்கத்துக்கு மாறாக வெறும் கறையாகப் படுகிறது என்றால், கருப்பையின் உட்சுவர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஹிஸ்டரோஸ்கோப்பியில், அதாவது கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்துப் பிரித்துவிட முடியும்.

ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், முயற்சிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே. சர்க்கரை நோய் இருந்தாலோ வலிப்பு மாத்திரை எடுத்தாலோ 5 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

ஸ்ட்ரிப்பை எந்த நாளில் தொடங்குவது? உங்கள் சுழற்சி நாட்களிலிருந்து 17ஐக் கழியுங்கள். 28 நாள் என்றால் 11ஆம் நாள். இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்காமல் இருந்து, பிற்பகலில் செய்யுங்கள். சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்ந்தோ இருந்தால் மட்டுமே பாசிட்டிவ். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் தாண்டிக் காய்ந்தபின் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். பாசிட்டிவ் வந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும். விந்தணு உள்ளே 5 நாள்வரை உயிரோடிருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். அதனால் கோட்டுக்காகக் காத்திராமல் அதற்கு முன்பிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்வது நல்லது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு எல்எச் எப்போதுமே தூக்கலாக இருக்கலாம் என்பதால் ஸ்ட்ரிப் ஏமாற்றும். முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்கில் ஸ்கேன்தான் நம்பகமானது. நாள் பார்த்தே உறவு கசந்துபோகிறது என்றால் ஸ்ட்ரிப்பை ஒதுக்கிவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும்.

இரண்டு முறை கலைந்திருந்தால் மூன்றாவதுக்குக் காத்திராமல் பரிசோதனை கேளுங்கள்: தைராய்டு, சர்க்கரை, கருப்பையில் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று ஸ்கேன், ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தம் உறைவதைக் கூட்டும் எதிர்ப்பொருள்). கடைசியாகச் சொன்னது பாசிட்டிவ் ஆனால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உதவும். கரு தங்கவே தாமதமானால் கணவரின் விந்துப் பரிசோதனையும் முதல் பட்டியலிலேயே வர வேண்டும். முயன்றும் கரு தங்காவிட்டால், உங்களுக்கு 35 வயதுக்குள் ஓர் ஆண்டு, அதற்குமேல் ஆறு மாதம்தான் கெடு. அதைத் தாண்டிக் காத்திருக்காதீர்கள்.

மீண்டும் பாசிட்டிவ் வந்ததும் ஐந்தாம் வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓட மனம் துடிக்கும். அப்போது கருவைச் சுற்றிய பை மட்டுமே தெரியும், துடிப்பு தெரியாது. வீண் கலக்கம்தான் மிஞ்சும். ஏழாம் வாரம் சரியான நேரம். முன்பு குழாய்க் கர்ப்பம் ஆனவர்கள் மட்டும் முன்னதாகவே போக வேண்டும். ஒருபக்க வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்கேன் அறையில், திரையை முதலில் நீங்கள் பார்த்துவிட்டுப் பிறகு என் பக்கம் திருப்புங்கள் என்று தயங்காமல் கேட்கலாம்.