கனடாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: ஆர்.ஆர்.எஸ்.பி. மீதி ஒத்துவராவிட்டால்

சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் தேவையான சமூகக் காப்புறுதி எண்), வங்கிக் கணக்கு, சுகாதார அட்டை எல்லாம் எடுக்க ஸ்காபரோவில் இருக்கும் மாமாவோ மச்சானோ கூட்டிக்கொண்டு போவார்கள். வேலை கிடைத்ததும் கம்பனியின் குழு ஆர்.ஆர்.எஸ்.பி. (ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்) படிவத்திலும் கையெழுத்து வைத்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு வரும் சிக்கலை ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

ஊரில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பழகியவர்கள் நாங்கள். சம்பளத்தில் எங்கள் பங்கு 8%, முதலாளி போடுவது 12%. முதலாளியின் காசால் எங்களுக்கு ஒரு வரம்பும் குறையாது. அங்கே குறையும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் ஒருவர் இவ்வளவுதான் போடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. குழு ஆர்.ஆர்.எஸ்.பி.யில் கம்பனி போடும் காசும் அந்த வரம்பில்தான் கழியும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த என் கூட்டாளி, வரி அலுவலகக் கடிதத்தோடு எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்தான். பஸ் காசு வரைக்கும் வரவுசெலவுக் கணக்கு மென்பொருளில் பதிகிறவன். சம்பளச் சிட்டையில் கழிந்த தன் பங்கை மட்டும் ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கில் பதிந்திருக்கிறான். கம்பனிப் பங்கு அதில் வராததால் மீதி எப்போதும் குறைவாகவே நின்றது. அவன் மாதாமாதம் 'மீதியைச் சரிசெய்' என்பதை அழுத்தியிருக்கிறான். திரையில் வரிசையாக 'மீதிச் சீராக்கம்', 'மீதிச் சீராக்கம்'. தொகை ஒத்துவந்தது, ஆனால் ஆண்டு முடிவில் மென்பொருள் காட்டிய பங்களிப்பு அறிக்கையில் அவனுடைய பாதி மட்டும்தான் இருந்தது. அதை நம்பி மிச்ச வரம்புக்கும் காசு போட்டான். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதியவனுக்கு இப்படி நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்கைப் பாருங்கள். முந்தைய ஆண்டு உழைப்பு 60,000 டொலர் என்றால் அதன் 18%, அதாவது 10,800, உங்கள் வரம்பு. நீங்கள் 3,000, கம்பனி 3,000 போட்டால் மிச்சம் 4,800. கம்பனிப் பங்கை விட்டால் 7,800 என்று தோன்றும். அதையும் போட்டால் 3,000 கூடிவிடும். 2,000 வரை விட்டுவிடுவார்கள், அதற்கு மேலுள்ளதற்கு மாதம் 1% வரி. அடுத்த ஆண்டும் அப்படியே செய்தால் மேலும் ஏறும்.

மீதி பிழைத்தால் டொலரை விட்டு அலகுகளை, அதாவது உங்கள் காசுக்கு ஃபண்டில் (முதலீட்டு நிதியில்) வாங்கிய யூனிட்டுகளின் எண்ணிக்கையை, பாருங்கள். திட்டத்தின் முதல் அறிக்கையில் உள்ள அலகுகளைத் தொடக்கமாக எழுதி, ஒவ்வொரு ஃபண்டாக ஒப்பிடுங்கள். அலகு ஒத்து, தொகை மட்டும் வித்தியாசம் என்றால் விலை எந்த நாளுடையது என்று பார்த்தால் போதும். அலகே குறைந்தால் பெரும்பாலும் கம்பனிப் பங்கோ, மறுமுதலீடான பங்கிலாபமோ விடுபட்டிருக்கும். கூடினால், சம்பளத்திலிருந்து நீங்கள் பதிந்ததும் இணையத்தில் தானாக இறங்கியதும் இரட்டையாகியிருக்கும், ஒன்றை அழியுங்கள். சம்பளத்தில் கழிந்த காசு அலகாக மாற சில நாள் எடுக்கும், அதற்குள் பதறாதீர்கள். சீராக்கப் பொத்தானை மட்டும் தொடவே வேண்டாம். அந்த வித்தியாசம்தான் என்ன விடுபட்டது என்று காட்டித்தருகிறது.

வரம்பை மென்பொருளில் தேடாதீர்கள். வரி தாக்கல் செய்தபின் வரி அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்டில் (வரி மதிப்பீட்டு அறிவித்தலில்) அது இருக்கும். ஏற்கெனவே கூடிவிட்டதா? மேலதிகக் காசை எடுக்க ஒழுங்கு செய்யுங்கள். கூடிய காசுக்கான வரியைக் கணக்கிடும் ரி1-ஓவிபி படிவத்தை ஆண்டு முடிந்து 90 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள், பிந்தினால் தண்டமும் சேரும்.

அப்புறம் இன்னொன்று. வரம்பு முந்தைய ஆண்டுக் கனடா உழைப்பை வைத்தே வருவதால், போய் இறங்கிய ஆண்டில் பெரும்பாலும் உங்களுக்கு வரம்பே இராது. கம்பனிப் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் அடுத்த ஜனவரியில் சேரலாமா என்று கேளுங்கள்.