கிரிப்டோ ட்ரேடிங்: வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

புதுசா வர்றவங்க எந்த காயின் ஏறும்னுதான் கேக்குறாங்க, எவ்ளோ போனா தாங்குவோம்னு யாரும் யோசிக்கிறதில்ல. ஒரு ட்ரேடுக்கு மொத்த பணத்துல 1% தான் ரிஸ்க்னு வெச்சுக்கோங்க. 1000 டாலர் இருந்தா 10 டாலர். அதுக்காக 10 டாலருக்குத்தான் வாங்கணும்னு இல்ல, இங்கதான் நெறைய பேர் குழம்புறாங்க, ஸ்டாப் லாஸ் (விலை இவ்ளோ இறங்குனா தானா வித்துடுன்னு முன்கூட்டியே போடுற ஆர்டர்) வாங்குன விலைக்கு 5% கீழ இருந்தா 10ஐ 0.05ஆல வகுங்க, 200 டாலருக்கு வாங்கலாம், ஸ்டாப் அடிச்சாலும் போறது 10 கிட்டதான் (ஃபீஸ் தனி, சரசரன்னு விழுந்தா கொஞ்சம் கூடவும் போகும்).

ஸ்டாப்ப வாங்குன கையோட போட்ருங்க, மனசுக்குள்ள வெச்சிருக்கேங்கறதெல்லாம் கதை, மார்க்கெட் 24 மணி நேரமும் ஓடும், நீங்க தூங்குவீங்க. நானே ஒரு தடவ விலை பக்கத்துல வந்ததும் ஸ்டாப்ப கீழ நகத்துனேன், அப்புறம் இன்னும் கொஞ்சம், 1% லாஸ் 8% ஆயிடுச்சு. பாதி பணம் போச்சுன்னா மீட்க 100% லாபம் வேணும்ங்க.

லீவரேஜ் (கடன் வாங்கி கைல இருக்கறத விட பெரிசா ட்ரேட் பண்றது) இப்போதைக்கு தொடாதீங்க, 10 மடங்குல விலை 10% எதிர்ப்பக்கம் போறதுக்குள்ளயே போட்ட மார்ஜின், அதாவது அந்த ட்ரேடுக்கு நீங்க வெச்ச சொந்தப் பணம், காலி. பிட்காயினே 2021 நவம்பர்ல 69,000 டாலர் கிட்ட இருந்துச்சு, அடுத்த நவம்பர்ல 16,000க்கும் கீழ. ஒரே நாள்ல மூணு லாஸ் வந்தா ஆப்ப மூடிட்டு நாளைக்கு வாங்க.