வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றக் கட்டடத்தை எப்படிப் பார்ப்பது?

போனதும் படியேற ஓடாதீர்கள். சாலைக்கு எதிர்ப்புறம், காபிடல் (அமெரிக்க நாடாளுமன்றம்) பக்க நடைபாதையில் நில்லுங்கள். மேற்கு பார்த்த முகப்பு. மதியத்துக்கு மேல்தான் வெயில் நேராக விழும். வெர்மான்ட் வெள்ளைப் பளிங்கில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி இருக்கட்டும். சின்ன பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

தூண்களை எண்ணுங்கள். எட்டு என்பீர்கள். அப்படியே பக்கவாட்டில் நடந்தால் பின்னாலிருந்து இன்னொரு எட்டு எட்டிப் பார்க்கும், மொத்தம் 16. வாசல் அவ்வளவு ஆழமாக, இருட்டாகத் தெரிவது இந்த இரட்டை வரிசையால்தான். அப்புறம் பைனாகுலரை ஒரே ஒரு தூணின் உச்சிக்குத் திருப்புங்கள். அகாந்தஸ் என்ற செடியின் இலைகள் அடுக்கடுக்காக மேலேறி மூலையில் சுருண்டு நிற்கும். அதுதான் கொரிந்திய பாணி. இலையைவிட இலைக்கு அடியில் விழும் நிழலைக் கவனியுங்கள், உளி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது அங்கே தெரியும். வரைகிற பழக்கம் உண்டென்றால் இந்த ஒரு தூண்தலையை மட்டும் வரையுங்கள். முழு முகப்பை நான் கேமராவுக்கு விட்டுவிடுவேன்.

மேலே முக்கோணத்தில் ராபர்ட் எய்ட்கன் செதுக்கிய உருவங்கள். உடை ரோமானியம், முகங்கள் சில அசல் ஆட்களுடையவை. நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற தலைமை நீதிபதி டாஃப்ட், வடிவமைத்த காஸ் கில்பர்ட், கூடவே சிற்பி தன்னையும் சேர்த்துக்கொண்டார்! டாஃப்ட் 1930இலும் கில்பர்ட் 1934இலும் இறந்துவிட்டார்கள். கட்டடம் முடிந்தது 1935இல்.

இனி வெண்கலக் கதவு. ஒவ்வொரு கதவும் 6.5 டன். அதிலுள்ள எட்டுப் படங்களை இடப்பக்கம் கீழேயிருந்து தொடங்கிப் பாருங்கள், நீதியின் வரலாறு வரிசையாக வரும். கதவு திறந்திருந்தால் சுவருக்குள் நகர்ந்துபோயிருக்கும், படம் தெரியாது.

பெரும்பாலானவர்கள் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கட்டடத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போங்கள். காலை வெயில் அங்கேதான். அந்த முக்கோணத்தின் நடுவில் யூதர்களுக்குச் சட்டம் தந்த மோசே, இருபுறமும் சீன அறிஞர் கன்ஃபூசியஸும் ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலனும். ஓரங்களைப் பார்க்க மறக்காதீர்கள்: ஒரு மூலையில் ஆமை, இன்னொரு மூலையில் முயல். இத்தனை கம்பீரமான கட்டடத்தில் எனக்குப் பிடித்தது இந்தக் குறும்புதான்.

உள்ளே போக வார நாட்களில் வர வேண்டும். பாதுகாப்பு காரணமாக 2010 முதல் நுழைவு பெரிய படிகள் வழியாக இல்லை, அவற்றின் பக்கவாட்டில் கீழே உள்ள கதவுகள் வழியாகத்தான். நீதிமன்ற அறையில் 24 தூண்கள். இங்கே இலை கிடையாது, இருபுறமும் சுருள் வைத்த அயோனிய பாணி. வெளியே வருமுன் தரைத்தளத்தில் பளிங்குச் சுழல்படிக்கட்டைத் தேடுங்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், சுவரில் பதித்த படிகளே ஒன்றையொன்று தாங்கி மேலேறும். ஏற விடமாட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.