கல்லில் மோதும் நுரை: ஒரு குறுந்தொகைப் பாட்டுக்கு நயம் எழுதுவோம்

மட்டக்களப்பில் உயர்தரத் தமிழ் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரே குறையைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். 'உவமை வந்துள்ளது, எதுகை வந்துள்ளது' என்று எழுதியிருக்கும். அவை அந்தப் பாட்டில் என்ன செய்கின்றன என்பது இருக்காது. குறுந்தொகை 290ஆம் பாட்டை எடுத்துப் பழகிப் பார்ப்போம்.

காமம் தாங்குமதி என்போர் தாம்அஃது
அறியலர் கொல்லோ அனைமதுகையர் கொல்
யாம்எம் காதலர்க் காணேம் ஆயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லாகுதுமே

முதலில் இரண்டு தரம் வாய்விட்டு வாசியுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. மறுகா, கடினமான சொற்களுக்குப் பென்சிலால் பொருள் குறியுங்கள். மதுகை என்றால் வலிமை, துனி என்றால் துயர், பெருநீர் என்றால் கடல், பொருதல் என்றால் மோதுதல். 'தாங்குமதி'யில் உள்ள மதி வெறும் அசைச்சொல்; அறிவு என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, யார் யாரிடம் பேசுகிறார்? பிரிவைப் பொறுத்துக்கொள் என்று தோழி வற்புறுத்துகிறாள். தலைவி பதில் சொல்கிறாள். ஆனால் 'நீ' என்று சொல்லவில்லை, 'என்போர்' என்கிறாள். பொறு என்கிறவர்களுக்குக் காதல் தெரியாதா, இல்லை அவ்வளவு பலசாலிகளா என்று யாரையோ கேட்பதுபோல் கேட்கிறாள். எதிரே நிற்கும் தோழியை நோகடிக்க அவளுக்கு மனமில்லை என்றே எனக்குப் படுகிறது.

இனி உவமை. உவமை: கல்லில் மோதும் சிறுநுரை. பொருள்: தலைவி. உருபு: போல. பொதுத்தன்மை: மெல்ல மெல்ல இல்லாமல் போவது. இந்த நான்கையும் எழுதியதும் பேனையை வைத்துவிடாதீர்கள். கல்லடிக் கடற்கரைக்குப் போய், அலை திரும்பிய பிறகு மணலில் கிடக்கும் நுரையைக் குனிந்து பாருங்கள். அது ஒரேயடியாக மறையாது. ஓரத்துக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடையும், நடுவில் கொஞ்சம் நடுங்கிக்கொண்டு நிற்கும், அப்புறம் ஈர மணல் மட்டும்தான். பாறையில் மோதும் நுரையை நான் பார்த்தது அறுகம்பைப் பக்கம். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கரைவது நுரைதான். பாட்டிலும் அப்படித்தான்: அறிவுரை அசையாமல் நிற்கிறது, பெண் கரைகிறாள். இந்த உவமையாலேயே இதைப் பாடிய புலவருக்குக் கல்பொரு சிறுநுரையார் என்று பெயர்.

ஓசைக்கு வாருங்கள். கல், மெல்ல, இல்லா: மூன்றிலும் இரண்டாம் எழுத்து 'ல்'. இதுதான் எதுகை. 'மெல்ல மெல்ல' என்ற அடுக்கு நம் வாயையே மெதுவாக்குகிறது. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பாட்டு கெட்டுவிடும். பெருநீர், சிறுநுரை என்பதில் முரண் இருக்கிறது. 'காதலர்க் காணேம்' மோனை.

சரி, எழுதத் தொடங்கலாம். 'இப்பாடலில் உவமை உள்ளது' என்பதற்குப் பதிலாக இப்படித் தொடங்குங்கள்: 'ஒவ்வொரு மோதலிலும் நுரை கொஞ்சம் குறைவதுபோல, காதலரைக் காணாத ஒவ்வொரு நாளும் தலைவி கொஞ்சம் குறைகிறாள்.'