பாட்டிலின் பின்புறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

டியூஷன் முடிந்து வரும் வழியில் பதின்வயதுப் பிள்ளைகள் வாங்கிக் குடிக்கும் குளிர்பானத்தின் சர்க்கரை அளவை அறிய, பாட்டிலின் பின்புறமுள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் 100 மி.லி.க்கான அளவே அச்சிடப்பட்டிருக்கும். பல கோலா பானங்களில் அது ஏறத்தாழ 10 கிராம் என்பதால், 600 மி.லி. பாட்டில் முழுவதையும் குடித்தால் சுமார் 60 கிராம், அதாவது 15 தேக்கரண்டிச் சர்க்கரை உடலில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ, நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்கிறது. டப்பாவில் அடைத்த பழச்சாறும் இக்கணக்கில் அடங்கும். பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. கண்டிப்பதைவிட, அவ்வளவு சர்க்கரையையும் பிள்ளையையே ஒரு தம்ளரில் அளந்து போடச் சொல்லுங்கள். வீடு திரும்பும் நேரத்தில் உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்த நீர்மோர் தயாராக இருக்கட்டும்.